முனீஸ்வரனுக்கு நேர்ந்த கடா

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. நான் வைத்த வஞ்சிரக் குழம்பை ஒதுக்கிவிட்டு, "ரசம் இருக்குதா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காத மனுஷன். அதற்கப்புறம் கவுச்சியே தொடவில்லை. சர்க்கரை வந்து மறைக்கிறாரா? வில்லியனூரில் வேலை செய்யும் இடத்தில் எவளாவது சைவக்காரி பழக்கமாகிவிட்டாளா? சட்டையை முகர்ந்துகூடப் பார்த்தேன். சிமெண்ட் வாசனைதான் வந்தது.

அதற்குச் சற்று முன்புதான் மகள் டெங்குவில் படுத்து எழுந்திருந்தாள். பிழைத்தால் முனீஸ்வரனுக்குக் கடா வெட்டுகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வேண்டிக்கொண்டவள் நான். குட்டி ஒன்றை வாங்கிப் பின்கட்டில் கட்டினோம். ஆடியில் வெட்டுவதாகப் பேச்சு.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் இவர் அந்தக் குட்டியின் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவார். கேட்டால், "சாமிக்கு நேந்துவுட்டது, சுத்தமா இருக்கட்டும்" என்பார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஆனால் எதற்கு ஆடுகிறது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஆடி வந்தது. எங்கள் ஏரிக்கரைக் கோயிலில் ஐயனார் சைவம், முனீஸ்வரன் அசைவம். வெட்டும்போது ஐயனார் முன்னால் திரை போட்டுவிடுவார்கள். கடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார் பூசாரி. அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். உதறாத கடாவை வெட்டக் கூடாது.

எங்கள் கடா உதறவில்லை. பூசாரி மறுபடி மறுபடி ஊற்றினார். அது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. "உத்தரவு வரல. அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

தினம் குளித்துப் பழகின உடம்பு தண்ணீருக்கு ஏன் சிலிர்க்கும்? வீடு வந்து சேர்வதற்குள், இவர் கவுச்சியை விட்டது உட்பட எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏங்க, எம்பொண்ணு உசுரோட வெளையாடுறீங்களா?" என்று கத்தினேன்.

"ஐயனாரு பாக்கக் கூடாதுன்னு தெர போட்டு மறைக்கிறோம். சாமிக்கே காட்ட முடியாத வேல இன்னாத்துக்குடி? அவளக் காப்பாத்துன சாமி இன்னொரு உசுரக் கேக்குமா?"

 ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. மகள் தும்மினால்கூட எரிச்சலோடு கடாவைத்தான் பார்ப்பேன். அது மென்றுகொண்டே என்னைத் திரும்பிப் பார்க்கும்.

இந்த வருஷம் ஆடி நெருங்கும் நேரத்தில் இவர் காய்ச்சலில் விழுந்தார். கடாவைக் குளிப்பாட்ட ஆளில்லை. இவர் படுத்தபடி பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தெரியாதவள் மாதிரி இருந்தேன். பழக்கம் விட்டுப்போகட்டும். கோயிலில் உதறட்டும். கடன் தீர்ந்தால் என் மகளுக்கு நல்லது.

அன்று காலை காலேஜுக்குக் கிளம்பிய மகள், கடாவின் கழுத்தைச் சொறிந்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் போன பிறகும் அது கயிறு எட்டும் தூரம்வரை வந்து, தெருவையே பார்த்துக்கொண்டு நின்றது. தினமும் நானும் அப்படித்தான் நிற்கிறேன்.

குடத்தை எடுத்துப்போய் அதன் தலையில் ஊற்றினேன்.

என் புடவையெல்லாம் நனைய, உடம்பு முழுக்கச் சிலிர்த்து உதறியது கடா.  யாராவது பார்த்துவிட்டார்களா என்று பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தேன். யாரும் இல்லை. இன்னொரு குடம் ஊற்றினேன்.