நந்தனார் கட்டிய துண்டு

தஞ்சாவூர்க் கல்லூரி அரங்கில் என் மகள்தான் நந்தனார். இந்த இசை நாடகத்தில் அவர் உணவு டெலிவரி செய்பவர். தில்லைக்குப் பதிலாக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் அவரை நிறுத்திவைக்கிறார்கள். அவர் தவறவிட்ட துண்டை, உணவு வாங்க வந்த வீட்டுக்காரி குடை நுனியில் தூக்கி நீட்டினாள்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர்த் திருவிழாவில் நந்தனார் வேஷம் எப்போதும் பண்ணையார் மகனுக்குத்தான். கரியும் தேங்காயெண்ணெயும் குழைத்து முகத்தில் பூசிக்கொள்வார். இடுப்பில் கட்ட மட்டும் நிஜப் பண்ணையாளின் துண்டு வேண்டுமாம். ஒரு வருடம் அப்பா தன் துண்டை இரண்டு முறை துவைத்துக் கொடுத்தார். எங்கள் தெருக்காரர்கள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். தில்லைக்குப் போக ஏங்கி அவர் உருகிப் பாடியபோது ஊரே அழுதது. அப்பாவும் அழுதார். நாடகம் முடிந்ததும் அதே நந்தனார், கரி கலையாத முகத்தோடு, அதுவரை தன் இடுப்பில் கிடந்த துண்டைக் குச்சி நுனியில் தூக்கிவந்து கரையில் போட்டார்.

"எடுத்துக்கடா."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட.

வேஷம் கலைத்து வந்தவளிடம், "அந்தக் குடை சீன யாருடி எழுதினது?" என்று கேட்டேன்.

"நாந்தாம்மா. ஹாஸ்டல்ல என் துப்பட்டாவ ரூம்மேட் அப்படித்தான் குடுத்தா."