ரோட்டவேட்டரில் வந்த கோரை

பாகம் பிரித்தபோது என் வீட்டுக்காரருக்கு விழுந்தது ஏரிக்குக் கீழே இருக்கிற உவர் நிலம். வெயில் ஏறினால் உப்பு வெள்ளையாகப் பூக்கும். கோரையைத் தவிர எதுவும் நிற்காது. நல்ல கொல்லையும், பேருக்கு ஓர் உவர்த் துண்டும் அவருடைய அண்ணனுக்கு. "சின்னவன் பொண்டாட்டி ஒழைக்கிறவ, தேத்திடுவா" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சிரித்தார் அந்த மகராசன்.

தேற்றத்தான் செய்தேன். கோரையைப் பிடுங்கினால் தாள்தான் கையோடு வரும். அடியில் கிடக்கிற கிழங்கு அடுத்த வாரமே எட்டிப் பார்க்கும். மூன்று கோடை களைக்கொத்தோடு உட்கார்ந்து கிழங்கு கிழங்காக நோண்டி, மேட்டில் போட்டுக் கொளுத்தினேன். நகக்கண்ணெல்லாம் வெடித்தது. பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுத பிறகுதான் மண் கருத்தது. பருத்தி போடலாம் என்று முடிவு செய்தோம். அது விளைந்தால் அடுத்தவன் கொல்லைக்கு நான் கூலிக்குப் போக வேண்டியதில்லை.

அப்போதுதான் அண்ணனுக்குப் பாசம் பொங்கியது. "வாடகைக்கு ஏன்டா வண்டி புடிக்கிற, நானே ஓட்டித் தர்றேன்" என்று டிராக்டரோடு வந்தார். தன் உவர்த் துண்டை உழுத கையோடு நேராக வந்திருந்தார். டிராக்டருக்குப் பின்னால் சுழன்று உழுகிற ரோட்டவேட்டரின் கத்தியெல்லாம் ஈர மண், அதில் கொத்துக் கொத்தாகக் கோரைக் கிழங்கு. பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கழுவிட்டு எறக்குங்க மாமா. கெழங்கு ஒட்டிக்கினு கீது" என்றேன்.

"இன்னாம்மா, எங்கொல்ல மண்ணு பட்டா தீட்டாயிடுமா?"

என் வீட்டுக்காரர் என் பக்கம்தான் திரும்பினார். "சும்மா ஓட்டித் தர்றாரு. வாய மூடிக்கினு இரு."

வரப்பில் ஏறி நின்றேன். நாலு மூலையும் சுற்றி ஓர் இடம் விடாமல் ஓட்டினார், புண்ணியவான். போகும்போது என் கையாலேயே மோர் வாங்கிக் குடித்தார்.

பருத்திக்கு முன்னே கோரை முளைத்தது, வண்டி போன தடம் மாறாமல். இன்னொரு கோடை நோண்டலாம் என்று கெஞ்சினேன். "இது நமக்கு ராசியில்லாத மண்ணு" என்று அந்த வருஷமே அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என் வீட்டுக்காரர். ராசியாம். சாகிற வரைக்கும் எனக்கு ஆறாது.

மறு கோடையில் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். "கோர நோண்ட ஆளு வைக்கிறேன். ஒன்ன மாதிரி நோண்ட யாருக்கு வரும்? ரெண்டு பேருமே வாங்க."

வீட்டில் அரிசி இல்லை. எழுதிக் கொடுத்த அதே நிலத்துக்குக் கூலிக்குப் போனோம். அவர் வரப்பில் குடை பிடித்து நின்றார். பக்கத்து வரிசையில் குந்தியிருந்த என் வீட்டுக்காரர் மெதுவாக என்னிடம் சொன்னார்: "அண்ணன் பாத்துக்கினு கீறாரு. நல்லா ஆழமா நோண்டு."