எழுபதாம் இலக்கத்தின் பெயர்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் தொழில் நெட்வேர்க். தட்டியதைத்தான் பெட்டி செய்யும், தட்டாததைச் செய்யாது; அதை நம்பித்தான் இத்தனை வருடம் சாப்பிடுகிறேன். இதைக் கேட்டு நீங்களும் உள்ளுக்குள் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள்.

சண்டை நடந்த காலம். எங்கள் கம்பனிக்குக் கொழும்பில், வெள்ளவத்தையில் கந்தோர், கொட்டாஞ்சேனையில் ஒரு கிளை. கம்பியூட்டர்களை இணைக்கிற சுவிட்ச் பெட்டி இங்கே ஒரு பிராண்ட், அங்கே விலை குறைவென்று வாங்கிய வேறு பிராண்ட். ஒரே வயருக்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வழி பிரித்து இலக்கமும் பெயரும் கொடுப்போம், அதுதான் வீலான். ஒரே பிராண்ட் என்றால் ஒன்றில் போட்டதை மற்றவை தாமாகவே எடுத்துக்கொள்ளும். இவை ஒன்றின் பாஷை ஒன்றுக்கு விளங்காதவை, அதனால் அங்கே கிளையைப் பார்க்கிற யூட், இங்கே நான், ஒரே இலக்கத்தைக் கையால் தட்டுவோம்; பெயர் அந்தந்தப் பெட்டியோடு நிற்கும். பாஸ்வேர்ட் எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

யூட் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன், ரீற்றாவைக் கட்டி இரத்மலானையில் வாடகைக்கு இருந்தான். அந்த வெள்ளிக்கிழமை துறைமுகப் பிரிவுக்குப் புது வீலான் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இருந்து போனில் இலக்கம் சொன்னான். பஸ்ஸில் தமிழ் கதைக்கப் பயம், சிங்களத்தில் சொன்னான்: "ஹெத்தேவ மச்சான், ஹெத்தேவ." ஹெத்தேவ என்றால் எழுபது, ஹெட என்றால் அறுபது. யாழ்ப்பாணத்தான் எனக்கு எங்கே அந்தச் சிங்களம்! நான் அறுபதைத் தட்டினேன், லைன் வேலை செய்யவில்லை.

"என்னத்தையடா போட்டனீ? ஒழுங்காப் பார்!" என்று கத்தினதும் நான்தான்.

"சரி சரி, கோபிக்காத. திரும்பிப் போய்ப் பாக்கிறன்" என்று இறங்கிவிட்டான்.

கிளைக்கு அவன் போய்ச் சேரவேயில்லை. அந்த நாளில் ஆட்களைத் தூக்கிப்போகிற வெள்ளை வான் ஒன்று நின்றது என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அடுத்த நாள் கேட்டால், தான் ஒன்றும் காணவில்லை என்றார்.

திங்கட்கிழமை கிளைக்குப் போய்ப் பார்த்தேன். நாலு சுவிட்சிலும் எழுபது, பெயர் 'போர்ட்'. அவன் போட்டது அத்தனையும் சரி, பிழை என்னுடையது. பாவி நான், ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. திருத்தவும் கை வரவில்லை, பழைய வழியிலேயே ஓடவிட்டேன்.

மூன்று கிழமை கழித்து, ஒரு பௌர்ணமிப் போயா நாள் காலை, ரீற்றா எனக்குப் போன் எடுத்தாள்.

"ஃபாதர் பூசை வைக்கட்டோ எண்டு கேக்கிறார் அண்ணா. உயிரோட இருக்கிறவருக்கு செத்தவையின்ட பூசையை எப்பிடி வைக்கிறது? நீங்க சொல்லுங்கோ."

போனை வைத்துவிட்டுக் கந்தோருக்குப் போனேன். லீவு, ஒருவரும் இல்லை. அறுபதை அழித்து எழுபதைப் போட்டேன். பெட்டி பெயர் கேட்டது. ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது, ஆங்கில எழுத்தில் 'யூட் எங்க' என்று தட்டினேன். தட்டிவிட்டு அந்தக் கதிரையிலேயே இருந்து அழுதேன்.

லைன் சரியா என்று பார்க்க அந்த வெயிலில், இரண்டு செக்பொயின்றைத் தாண்டி, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பூட்டைத் திறந்ததும் நான்தான். சுவிட்சில் எழுபது அப்படியே இருந்தது. பெயர் 'போர்ட்' இல்லை. அந்த இடத்தில், ஆங்கில எழுத்தில், 'வாறன்' என்று இருந்தது. மற்றதையும் பார்த்தேன். நாலிலும் அதேதான். யாராவது புகுந்து மாற்றியிருப்பார்கள் என்பீர்கள். பாஸ்வேர்ட் யாருக்கு ஐயா தெரியும்?

ரீற்றாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

"வாறன் எண்டா வருவார்தானே அண்ணா!" என்றாள். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் குரலில் உயிர் கேட்டது. பூசையை வேண்டாம் என்றுவிட்டாள். சண்டையும் முடிந்து எத்தனையோ வருடம், இன்னும் வைக்கவில்லை.

எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வரும்போதும் வாறன் என்பார்கள். வீட்டை விட்டுப் போகும்போதும் வாறன் என்றுதான் சொல்வார்கள், போறன் என்று சொல்லமாட்டார்கள். அவன் இதில் எதைச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ரீற்றாவுக்கும் இது தெரியாமல் இருக்காது. நாங்கள் இரண்டு பேரும் இதுவரை அதைப் பற்றிக் கதைத்ததில்லை.