கறிக்கோழிக்கு வீடு பார்த்த கதை

கடைக்கு வரும் குழந்தை ஒரு வெள்ளைக் குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, இது என்ன கோழி?" என்று கேட்டால், "கறிக்கோழி" என்று பதில் சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வரவில்லை. சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் பக்கம் கோழியும் தீவனமும் விற்கிற கடையில் வேலை பார்க்கிறேன். தரைவீட்டுக்காரர்கள் தோட்டத்தில் வலைக்கூண்டு போட்டு வளர்க்க முட்டைக்கோழி வாங்கிப் போவார்கள். முன்பு மளிகைக் கடையில் இருந்தபோது இந்தத் தொல்லை இல்லை. அரிசி மூட்டை நம்மைத் தலை சாய்த்துப் பார்க்காது. உயிருள்ள சரக்கை விற்கிற என் இனத்தாருக்கு நான் சொல்வது புரியும்.

பெட்டியில் வந்த இருவர்

ஒருமுறை முட்டைக்கோழிக் குஞ்சுகளோடு இரண்டு வெள்ளைக் குஞ்சுகள் கலந்து வந்துவிட்டன. மற்றவை ஓடிப் பிடித்து விளையாடும். இவை இரண்டும் பந்தியில் உட்கார்ந்த மாதிரி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தின்னும், அங்கேயே தூங்கும், எழுந்ததும் மறுபடி தின்னும். கால் தடித்து மார்பு அகன்றபோதுதான் கறிக்காகவே உருவாக்கிய இனம் என்று தெரிந்தது. அதற்குள் என் மகள் யாழினி சனிக்கிழமை கடைக்கு வந்து, ஒன்றுக்குப் பஞ்சு, இன்னொன்றுக்குப் பொட்டு என்று பெயரே வைத்துவிட்டாள்.

முதலாளி குணா அண்ணன் நல்லவர், ஆனாலும் வியாபாரி. "மாசக் கடைசி வெள்ளிக்கிழமை லாரி வரும். அதுக்குள்ள யாராச்சும் செல்லமா வளர்க்கக் கேட்டா குடுத்துடு. இல்லன்னா லாரில ஏத்திடு" என்றார். லாரி எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் வீடு தெம்பனிஸில் ஒன்பதாவது மாடி. அடுக்குமாடி புளோக்கில் கோழி வளர்க்க அனுமதி கிடையாது. ஆக, மாதக் கடைசிக்குள் வெளியில்தான் வீடு பார்க்க வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் செல்வி அக்கா பஞ்சுவை ஒரு கை தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கி வைத்தார்.

"மீனா, இது கோழி இல்ல லா, கால் மொளைச்ச தலகாணி."

முதல் வரன்

முதலில் விசாரித்தவர் ஃபேரர் பார்க்கில் சாப்பாட்டுக்கடை நடத்துபவர். தன் மச்சான் வீட்டுக்கு முட்டைக்கோழி பார்க்க வந்தவர், கண்ணை இந்த இரண்டின் மேலேயே வைத்திருந்தார். "இது எத்தனை கிலோ வரும்மா?" என்றார். "அண்ணே, இது விக்கிறதுக்கு இல்ல, செல்லமா வளர்க்கக் குடுக்கறது" என்றேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் செல்லப் பிராணி என்று கட்டுரை எழுதச் சொன்னால் எல்லாரும் நாய், பூனை, கிளி என்று எழுதுவோம். கோழி என்று எழுதியவளுக்கு டீச்சர் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. கடைக்காரர் முகத்திலும் அதே சிவப்பு மை.

"சரிம்மா, செல்லமாவே வளர்க்கட்டும். வளர்த்து முடிச்சதும் தீபாவளிக்கு எனக்கு ஒரு போன் போடச் சொல்லு."

உண்மை விளம்பி

அடுத்து வந்த தம்பதிக்கு உண்மையிலேயே ஆசை இருந்தது. நான்தான் கெடுத்தேன். கடைக்குத் தீவனம் வாங்க வரும் கால்நடை டாக்டரம்மா இந்த இனத்தைப் பற்றி எனக்கு விலாவாரியாகச் சொல்லியிருந்தார். அதை அப்படியே ஒப்பித்தேன். உடம்பு வளரும் வேகத்துக்குக் கால் தாங்காது. வெயில் ஆகாது. உயரத்திலிருந்து குதிக்க விடக்கூடாது. வயிறு நிறைய போட்டால் இதயம் நின்றுவிடும். அளந்துதான் போட வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டாலும் மற்ற கோழி மாதிரி நெடுநாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. முட்டையும் எப்போதாவதுதான்.

அந்தப் பெண் பொட்டுவைத் தடவிக்கொண்டே இருந்தார். கணவர் கார்ச்சாவியைத் தடவிக்கொண்டே இருந்தார். "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். உள்ளேயிருந்து குணா அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா மீனா, பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட ஸ்கேன் ரிப்போர்ட்டையா நீட்டுவ?"

கொஞ்சூண்டு

பிறகுதான் நூர்ஜஹான் அக்கா வந்தார். வழக்கமாக எங்களிடம் கோழித் தீவனம் வாங்குபவர். அவர் வளர்த்த முட்டைக்கோழி வயதாகிப் போய்ச் சேர்ந்ததில் கூண்டு காலியாக இருந்தது. நான் ஒப்பித்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, "ரெண்டையும் வச்சுப் பாக்குறேன் புள்ளே. ஒத்து வரலைன்னா வெள்ளிக்கு முந்தியே கொண்டாந்து விட்டுடுறேன்" என்றார். அளந்து போடத் தீவனத்தோடு ஒரு சின்னக் கிண்ணமும் கொடுத்தனுப்பினேன்.

லாரி வருவதற்கு முந்தின நாள் மதியம் போன் வந்தது. "மீனா, பஞ்சு உக்காந்தது உக்காந்தபடியே இருக்கு. என்னால இதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாதும்மா. நாளைக்கு எடுத்துக்கிட்டுப் போயிடு." குணா அண்ணனிடம் சொல்லிவிட்டு பஸ் பிடித்து ஓடினேன்.

பஞ்சு கண் திறந்துதான் இருந்தது. இரைப்பை மட்டும் பந்துபோல் புடைத்திருந்தது. டாக்டரம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "சோறு யார் போட்டது?" என்று உடனே பதில் வந்தது. விசாரணை தொடங்கியது. அக்கா கிண்ணத்தில் அளந்துதான் போட்டிருக்கிறார். ஆனால் அது பார்த்த பார்வைக்குக் கொஞ்சூண்டு பழைய சோறும். அவர் வீட்டுக்காரர் காலையில் தொழுதுவிட்டு வந்து கொஞ்சூண்டு ரொட்டி. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வேலி வழியாகக் கொஞ்சூண்டு சோளம். வந்தவரைச் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்காமல் விட்டால் நமக்கு நாக்கு அரிக்குமே! இந்த இரண்டும் எத்தனை முறை கேட்டாலும் இல்லை என்றுதான் பார்க்கும்.

டாக்டரம்மா சொன்னபடி அன்று முழுக்க வெறும் தண்ணீர்தான். அதையும் கூண்டின் மறுகோடியில் வைத்தோம், எழுந்து நடந்தால்தான் குடிக்கலாம். பஞ்சு தண்ணீரைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது. அக்கா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே நின்றார். வெயில் தாழ்ந்தபோது அது ஒரு காலை ஊன்றியது. அப்புறம் அடுத்த காலை. தள்ளாடித் தள்ளாடிப் போய்க் குடித்தது. நான் ஓர் அட்டையில் "நாங்கள் சாப்பிட்டாச்சு" என்று தமிழில் பெரிதாக எழுதி, பாட்டிக்காகக் கீழே ஆங்கிலத்திலும் எழுதிக் கூண்டில் தொங்கவிட்டேன். வீட்டுக்காரர் அதை இருமுறை படித்தார்.

"எனக்குச் சர்க்கரைன்னு டாக்டர் சொன்னப்பகூட இந்த வீட்டுல யாரும் எனக்குப் போர்டு மாட்டல."

வெள்ளிக்கிழமை

லாரி வந்தது, வேறு சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே போனது. இரண்டையும் தானே வைத்துக்கொள்வதாகக் காலையிலேயே அக்கா போன் செய்து சொல்லியிருந்தார். "ரொம்ப நாள் இருக்காதுன்னு தெரியும்ல அக்கா?" என்று மறுபடியும் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"எத்தன நாளுன்னு கேட்டுக்கிட்டா புள்ளே விருந்தாளிய உள்ள விடுறோம்?"

அதற்குப் பிறகு

இப்போது பஞ்சுவும் பொட்டுவும் தூக்குகிறவருக்கு மூச்சு வாங்காத அளவுக்கு இளைத்து, அக்கா இழுத்துக்கொண்டு போகும் கீரைக்கட்டின் பின்னால் ஆடி ஆடி நடக்கின்றன. செல்வி அக்கா வீடியோவைப் பார்த்துவிட்டு, "தலகாணி வாக்கிங் போகுது லா" என்றார். போன சனிக்கிழமை யாழினியை அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். பையில் அவள் எனக்குத் தெரியாமல் முறுக்கு ஒளித்து வைத்திருந்ததை வாசலிலேயே பிடித்துவிட்டார்கள்.

வந்த விருந்தாளியிடம் இப்படிக் கெஞ்சுகிற தமிழ் வீடு சிங்கப்பூரிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்: "யாழினிக் கண்ணு, அடுத்த வாட்டி வர்றப்ப தயவுசெஞ்சு வெறுங்கையோட வாம்மா."