தவமணி போட்ட உபயப் பட்டியல்

போன வாரம் கைப்பேசியில் ஒரு இணைப்பைத் தொட்டேன். எந்த பிரவுசரில் திறக்கட்டும் என்று கேட்டது. அவ்வளவுதான், தவமணி ஞாபகம் வந்து வயிறு எரிந்தது. இத்தனை வருடம் கழித்துமா என்று கேட்காதீர்கள். ஆமாம், இத்தனை வருடம் கழித்தும்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அலோர் காஜா டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலையில் இருந்தேன். நான் சேர்ந்து மூன்று வருடம். எஸ்டேட்டிலிருந்து பஸ் ஏறி வரும் தவமணி சேர்ந்து மூன்றே மாதம். கோயில் திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடும்பத்து உபயம் என்ற பட்டியலை இருவரும் தனித்தனியே செய்து காட்டுங்கள், கோயில் தலைவருக்குப் பிடித்தவருக்கே கோயிலின் கம்ப்யூட்டர் வேலை என்றார் முதலாளி. நான் ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் சில கட்டளைகளைக் கோத்துச் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். அது தானே வலைப்பக்கத்தை உண்டாக்கி, தானே திறந்தும் காட்டியது.

"எந்த பிரவுசர்னு நீ சொல்லவே இல்லையே?"

"நாம ஏன்ணே சொல்லணும்? அவங்க எத வச்சிருக்காங்களோ அதுலயே தொறக்கட்டும்லா."

அன்றைக்கு வாங்கி வந்த நாசி லெமாக் சோற்றைப் பொட்டலம் பிரிக்காமலே வைத்துவிட்டேன்.

தலைவர் வந்த அன்று அவள் தேத்தண்ணி வாங்கப் போனாள். அந்த நேரத்தில், இப்படிப்பட்ட பக்கங்கள் இனி பிரவுசருக்குப் பதிலாக நோட்பேடில் திறக்கட்டும் என்று கடைக் கம்ப்யூட்டரில் மாற்றி வைத்தேன். அரை நிமிட வேலை. அவள் திரும்பி வந்து தலைவர் முன்னால் ஸ்கிரிப்டை ஓட்டினாள்.

மறைந்த பெரியவர்களின் பெயரை மரியாதைக்காகத் தடித்த எழுத்தில் வரும்படி செய்திருந்தாள். நோட்பேடில் எழுத்து தடிக்கவில்லை, அதற்காகப் போட்ட < > குறிகள் பெயரின் இரு பக்கமும் அப்படியே நின்றன. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"என்னாம்மா இது, எங்கப்பா பேருக்கு மட்டும் ரெண்டு பக்கமும் கொக்கி? அடுத்த வீட்டுக்காரன் பேரு சுத்தமா இருக்கு!"

அவள் விளக்குவதற்குள் எழுந்துவிட்டார். கோயில் வேலை எனக்கு வந்தது. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அவள் அழவில்லை. நான் மாற்றி வைத்ததைத் தேடிக் கண்டுபிடித்துப் பழையபடி ஆக்கினாள். என்னை ஒருமுறை பார்த்தாள். முதலாளியிடம் காட்டிக் கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

அவள் போன பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் தடவையாகக் கடைசிவரை படித்தேன். அடியில் 'தயாரித்தவர்கள்' என்று இரண்டு பெயர். முதலில் என்னுடையது.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் சேமித்து வைத்திருந்த டிஸ்க்கெட் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. அவளுடைய எஸ்டேட்டில் விசாரித்தேன். தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்களாம், அந்தக் குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.