பஸ் என்றால் போதும்

சலூன் தொழிலில் கையை விடக் காதுக்குத்தான் வேலை அதிகம். தலையைக் கொடுத்து உட்கார்ந்தவர் சொல்வதைச் சரியாகக் காதில் வாங்காவிட்டால், அந்தத் தப்பு ஒரு மாதம் ஊர் முழுக்க நடமாடும். சலூன் வைத்திருப்பவர்களே, சலூனில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒக்காருப்பா, வரும்

என் கடை புதுவாயல் ஜங்ஷனில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேரெதிரே இருக்கிறது. சுற்றிலும் கம்பெனிகள் வந்ததிலிருந்து பாதி வாடிக்கையாளர்கள் பீகார், ஒடிசாக்காரர்கள். அப்படி வந்தவன்தான் ராம்பிரவேஷ். கம்பி உருட்டும் கம்பெனியில் வேலை. அவ்வளவு நீளப் பெயர் என் வாயில் நுழையாததால் முதல் நாளே ராமு ஆக்கிவிட்டேன்.

இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைத்ததும், "பஸ், பஸ்" என்றான். பஸ்ஸுக்கு அவசரப்படுகிறான் என்று நினைத்து, "ஒக்காருப்பா, இப்பத்தான் ஒண்ணு பூட்ச்சி, அடுத்தது வந்துகினே இருக்கும்" என்று தைரியம் சொல்லி வெட்டினேன். அவன் இன்னும் சத்தமாக "பஸ், பஸ்" என்றான். பாவம், பிடித்துவிடட்டும் என்று நான் இன்னும் வேகமாக வெட்டினேன். பெஞ்சில் இருந்த அவன் கூட்டாளி ஓடிவந்து என் கையைப் பிடித்தபோது தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர்கள் பாஷையில் 'பஸ்' என்றால் 'போதும்' என்று அன்றுதான் தெரிந்தது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ராமு கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்தான். தலையைத் தடவிக்கொண்டான். பிறகு தன் அரைகுறைத் தமிழில் எனக்கு ஆறுதல் சொன்னான்: "பரவால்ல அண்ணா. ஊர்ல அம்மா, நான் திருப்பதி போச்சுன்னு நெனைக்கும்."

இரண்டு துண்டு

என் பழைய வாடிக்கையாளர் வேலு நைனாவுக்கு நெல் நிலம் உண்டு. வரிசையாக ரூம் கட்டி வடக்கத்திக்காரர்களுக்கு வாடகைக்கும் விட்டிருந்தார். ராமுவும் அதில் ஒன்றில்தான் இருந்தான். ஆனால் அவர்கள் கழுத்தில் போர்த்திய துணி நைனாவுக்கு ஆகாது. உள்ளூருக்கு வெள்ளை, வெளியூருக்கு நீலம் என்று இரண்டு துணி வைத்தேன். வைத்தது எனக்குப் பெருமை இல்லை, ஆனாலும் வைத்தேன்.

ஒருநாள் அவசரத்தில் இரண்டையும் ஒரே பக்கெட்டில் ஊறப்போட்டுவிட்டேன். சாயம் போய், எது யாருடையது என்று எனக்கே தெரியாதபடி இரண்டும் ஒரே நிறமாகிவிட்டன. பயந்துகொண்டே ஒன்றை எடுத்து நைனாவுக்குப் போர்த்தினேன். அவர் மோந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகச் சொன்னார்: "இப்பத்தான்டா குமாரு, தனியா வெச்சிகினு சுத்தமா கீற."

பாதி ஷேவிங்

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிகளுக்கு விடுமுறை. எதிர் டீக்கடையில் ராமு நின்றிருந்தான். ஒரு போலீஸ்காரர் வந்து ஆதார் கேட்டார். "ரூம்ல இருக்கு அண்ணா" என்றான் ராமு. "யாருக்குடா நான் அண்ணன்?" என்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

ஏன் அடித்தீர்கள் என்று கேட்க அவன் ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். நாலு நாற்பதானது. போலீஸ் வேனும் வந்தது, லத்தி வீசியது. எங்கிருந்தோ கல் பறந்தது, நின்றிருந்த கம்பெனி பஸ்ஸின் கண்ணாடி நொறுங்கியது. ராமு கீழே விழுந்து கிடந்தான். தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு "பஸ், பஸ்" என்று கத்தினான். தெருவில் எல்லோருக்கும் கேட்டது, புரிந்தது எனக்கும் அவன் ஆட்களுக்கும் மட்டும். நான் சவரக்கத்தியைப் பிடித்தபடி வாசலில் நின்றேன். அவன் 'போதும்' என்கிறான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அவனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் உள்ளூர்ப் பையன்கள், வடக்கத்தியான் பஸ்ஸைக் கொளுத்தப் பார்த்தான் என்று சொல்லிக்கொண்டு ரூம் ரூமாகப் புகுந்து பானை சட்டியை உடைத்தார்கள். என் கடைக்குள் ஓடிவந்த ஆறு பேரை வைத்து ஷட்டரை இழுத்துவிட்டேன். அதில் ஒருவர் ரூமில் ஷேவிங்கைப் பாதியில் விட்டு ஓடிவந்தவர், ஒரு கன்னத்தில் இன்னும் சோப்பு நுரை. அவர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, இந்தப் பக்கம் முடிச்சிடு. கையாவது நடுங்காம இருக்கும், உனக்கு."

கொடியில் சட்டை

பஸ்ஸைக் கொளுத்தச் சொல்லிக் கூச்சலிட்டான் என்று ராமு மேல் எழுதியிருப்பதாகச் செய்தி வந்தது. அவன் கத்தியதற்கு 'போதும்' என்றுதான் அர்த்தம் என நான் போய்ச் சொன்னால் ஸ்டேஷனில் யார் கேட்பார்கள்? நிலம் நீச்சு உள்ளவர் கூட வந்தால் நாற்காலியாவது போடுவார்கள். நைனாவிடம் போனேன். "உனுக்கு இன்னாத்துக்குபா இந்தப் பேஜாரு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே நைனா வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மூணு நாளா அவன் சட்ட கொடியிலயே தொங்குது. எடுக்க ஆளில்ல, பார்க்க முடியல. கெளம்பு."

ஒரு வார்த்தை

இன்ஸ்பெக்டர், "உனக்கு இந்தி தெரியுமா?" என்றார். "தெரியாது சார். இந்த ஒரு வார்த்தைதான் தெரியும். அதுவும் அவன் தலையக் கெடுத்துக் கத்துக்கினது" என்று நடந்ததைச் சொன்னேன். அவன் தலையை ஒரு மாதம் தினமும் பார்த்ததாக நைனா சாட்சி சொன்னார்.

இன்ஸ்பெக்டர் திரும்பி, அன்று அடித்த போலீஸ்காரரைப் பார்த்தார். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபடியே சொன்னார்: "அடிக்க அடிக்க அதத்தான் சார் சொன்னான். ஒவ்வொரு அடிக்கும் சொன்னான்."

பெஞ்சில் இருந்தவர்

பஸ்ஸைக் கொளுத்தச் சொன்னான் என்று எழுதிய வரியை அடித்துவிட்டு ராமுவை அனுப்பினார்கள். இடது கையில் மாவுக்கட்டு. கூட இருந்தவர்களில் பாதிப் பேர் ரயிலேறிவிட்டார்கள், இவன் இருந்தான்.

ஒரு மாதம் கழித்து முடி வெட்ட வந்தான். பெஞ்சில் அந்தப் போலீஸ்காரர், சாதாரணச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவர் முறைதான். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை, நாற்காலியை மட்டும் கையால் காட்டினார். ராமு தயங்கி உட்கார்ந்தான். கண்ணாடியில் பின்னால் அவர் முகம் தெரிந்ததும் அவன் தோள் இறுகியதை என் கை உணர்ந்தது.

வெட்டிக்கொண்டே போனேன். வழக்கமாக அவன் சொல்லும் இடம் வந்தது, சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்குப் பயம். நல்ல கையை மட்டும் மடியிலிருந்து கொஞ்சம் தூக்கினான். கண் நிறைந்திருந்ததால் எனக்கு அது சரியாகத் தெரியவில்லை, கத்தரிக்கோல் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து அந்தப் போலீஸ்காரர் சொன்னார்: "போதும்னு சொல்றாருப்பா அவரு. நிறுத்து."

இப்போதெல்லாம் என் கடையில் யார் 'பஸ்' என்றாலும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுகிறேன். நிஜமாகவே பஸ்ஸுக்கு அவசரப்பட்டு, பாதித் தலையோடு போக நேர்ந்த உள்ளூர்க்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.