அப்பா வீட்டில் ஒரு சிவப்பு ஒயின்

அப்பா போலீசில் இருந்தவர். ரிட்டயர் ஆவதற்கு முந்தின பல வருடங்கள் மதுவிலக்குப் பிரிவில், மலையடிவாரத்தில் சாராய ஊறல் பானைகளைத் தேடி உடைக்கிற வேலை. அந்த வீட்டில் பிறந்த என் தங்கை வேளாண்மை படித்தாள். திராட்சைக் கொடிக்கு வரும் நோய்களைப் பற்றி மேலே படிக்கப் பிரான்ஸ் போனவளுக்கு, போர்தோ பக்கம் ஒரு பழைய ஒயின் தோட்டத்திலேயே வேலையும் கிடைத்தது. கொடிகளுக்கு நடுவே அரண்மனை மாதிரி ஒரு கல் வீடு, அதற்கு அடியில் நிலவறை நிறைய ஓக் மரப் பீப்பாய்கள். பல தலைமுறையாக அங்கே சிவப்பு ஒயின் மட்டும்தான் செய்கிறார்களாம்.

இரண்டு வருடத்துக்கு முன், சாரல் சமயத்தில் லீவில் தென்காசிக்கு வந்தவள், சாப்பாட்டு மேசையில் ஒரு பாட்டிலை வைத்தாள்.

"நான் வேலைக்குச் சேந்த வருசம் அறுத்த பழம்ப்பா."

அப்பா அதைத் தொடவில்லை. "ஏர்போர்ட்ல காட்டுனியாட்டி?"

"காட்டிட்டுத்தான் வந்தேன்."

"இத தினமும் குடிக்கணுமோ?"

"ருசி பாப்போம். பாத்துட்டுத் துப்பிருவோம்."

"துப்புததுக்கா அவ்வளவு தூரம் போன?"

நான் சிரித்துவிட்டேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எனக்கு ஒரு மடக்கு ஊத்து. எம்மவ என்னதான் செய்யுதான்னு தெரிய வேண்டாமா?"

தங்கை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அம்மா வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினாள். "ஏட்டி, துவர்க்கு. நாவப்பழம் தின்னாப்ல நாக்க இழுக்கு."

"அந்தத் துவர்ப்புதாம்மா வேணும். அது இருந்தாத்தான் ரொம்ப வருசம் கெடாம நிக்கும்."

அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நானும் கொஞ்சம் குடித்தேன். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது அப்பா திடீரென்று தங்கையிடம் கேட்டார்.

"அங்கன என்ன மண்ணு?"

"சரளைப்பா. தண்ணி நிக்காது."

"சரளைல என்னத்த விளையும்?"

"தண்ணி நிக்காததாலதான் வேர் ஆழமா இறங்குது. பழம் சிறுசா, ருசியா வரும்."

வடகரையில் எங்களுக்கு வயல் உண்டு. அப்பா உரம், கொடியை வெட்டிவிடும் கவாத்து, அறுப்புக்கு ஆள் கிடைப்பது என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். பாட்டிலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

அவள் திரும்பிப் போன மறு வருடம், கொடி தளிர்த்திருந்த நேரத்தில் அங்கே ஆலங்கட்டி மழை. அம்மாவுக்குப் போன் செய்தாள். "பாதித் தோட்டம் போச்சும்மா" என்றாள். அப்பா போனை வாங்கினார்.

"மிச்சப் பாதி நிக்குல்லா? போய் அதப் பாரு. அடிபட்ட கொடி திரும்பத் துளிர்க்குமா?"

"துளிர்க்கும்ப்பா. காய்ப்பு கம்மியாத்தான் இருக்கும்."

"சரி. இருக்கத அறு."

அறுத்தார்கள். அந்த ஒயின் இப்போது பீப்பாயில் கிடக்கிறது. அப்பா இன்றுவரை ஒரு சொட்டு ருசி பார்த்ததில்லை. அவள் கூப்பிடும்போதெல்லாம், அங்கே மழை எப்படி என்று முதலில் விசாரிக்கிறார்.